வெள்ளைச்சாமி கெட்டவனான மத்தியானம்

எங்கள் அண்ணி கிளியம்மாளுக்கு வாய் அதிகம் என்று மண்ணூரே சொல்லும். நான் சொல்ல மாட்டேன். வாய் எல்லாருக்கும் ஒன்றுதான், அண்ணி அதைச் சும்மா வைத்திருப்பதில்லை, அவ்வளவுதான். நான் மரகதம், அவளுடைய நாத்தனார். நாத்தனாரே அண்ணிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்றால் அதில் விஷயம் இல்லாமலா இருக்கும்?

அண்ணி பிறந்தது பென்னலூரில். என் அண்ணன் நரசிம்மனுக்கு வாக்கப்பட்டு மண்ணூருக்கு வந்தாள். வந்த புதிதில் நாற்று நட்டாள், களை எடுத்தாள். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு நட்டு போல்டு கம்பெனி வந்தது. பேக்கிங்குக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தோம். லைனில் எங்களுக்கு அடுத்து உட்கார்ந்தவள் ஷாரோன். எங்கள் ஊர்தான், மாதா கோயில் தெரு.

ஷாரோனின் அண்ணன் குவைத்தில் வேலை பார்த்தபோது வீட்டுக்கு ஒரு டிவியும் டெக்கும் அனுப்பியிருந்தான், கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேசட்டு. சினிமாவாக இருக்கும் என்று போட்டுப் பார்த்தால் அத்தனையும் அமெரிக்காக்காரன் மல்யுத்தம்! ஷாரோன் வீட்டில் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். சும்மா எட்டிப் பார்க்கப் போன அண்ணி அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் வைத்த சோறு குழைந்து கூழாகிவிட்டது. அண்ணன் அதைத்தான் மோர் ஊற்றிக் குடித்தான்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணியை ஷாரோன் வீட்டில்தான் தேட வேண்டும். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. அதனால் என்ன? சண்டைக்காரர்களுக்கெல்லாம் அவளே பேர் வைத்துவிட்டாள். வயிறு பெருத்தவன் பீப்பாய். கட்டையாக, கெட்டியாக இருந்தவன் குட்டையன். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, ஏணிப்படி உயரத்தில், மஞ்சள் தலைமுடியோடு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி வருவான் ஒருவன். அவன் வெள்ளைச்சாமி. அண்ணிக்கு உயிர்.

அமெரிக்காவில் இந்தப் பெரிய சண்டைகளை வீட்டு டிவியில் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். ஷாரோனின் அண்ணன் லீவில் வந்தபோது சொன்னான். மற்ற நாள் சண்டையெல்லாம் ஓசி, வருஷத்தில் சில பெரிய சண்டைக்கு மட்டும் காசு. அண்ணிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

"அப்பிடித்தான் இருக்கணும்! காசு கட்னவன் கடைசி வரைக்கும் உக்காந்து பாப்பான். ஓசியில பாக்கறவன்தான் நடுவுல எழுந்து போயி வெத்தல போட்டுக்கினு வருவான்" என்றாள்.

பெரிய சண்டை ஒவ்வொன்றைப் பற்றியும் அவளுக்கு ஒரு தீர்ப்பு இருந்தது. பேக்கிங் டேபிளில் போல்டை எண்ணிப் பெட்டியில் போட்டபடியே சொல்லிக்கொண்டிருப்பாள். எண்ணிக்கையும் தப்பாது, பேச்சும் நிற்காது.

"அந்த முப்பது பேரும் ஒண்ணா ஏர்ற சண்ட கீதே, அதுல இன்னாடி கத கீது? ஷிப்ட் வுட்ற நேரத்துல பஸ்ஸுல ஏர்ற மாதிரி தள்ளுமுள்ளு. கீழ வுழுந்தவன் போயிட்டான், முடிஞ்சிது. எவன் மேல எவனுக்குக் கோவம்னே தெரியல. கோஷ்டி சண்டன்னா அது சண்ட! பங்காளிங்க மாதிரி நாலு பேரு இந்தப் பக்கம், நாலு பேரு அந்தப் பக்கம். வெயில் காலத்துல ஒண்ணு போட்டானே, அது வேஸ்ட்டு. பாதி நேரம் மைக்கப் புடிச்சிக்கினு கத்தறான். கத்தறதுக்கா காசு கட்டிக் கீறாங்க?"

நடுவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. "கெட்டவன் நாற்காலிய எடுக்கும்போதுதான் இவன் திரும்பி நின்னு யாரையோ வெசாரிச்சிக்கினு கீறான். கண்ணு தெரியலன்னா ஆஸ்பத்திரிக்குப் போவ வேண்டியதுதானே! நம்ம சூப்பர்வைசரே பரவால்ல."

சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அண்ணி அதற்கும் அசரவில்லை.

கம்பெனியில் நாங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஊரில் யார் கேட்பார்கள்? தண்ணீர்க் குழாயடியில் அண்ணி வாயைத் திறந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நழுவிவிடுவார்கள். அதிலும் டீக்கடை சின்னப்பையன் இருக்கிறானே, அவனுக்கு அண்ணியைச் சீண்டாவிட்டால் டீ இறங்காது.

"யக்கா, அதெல்லாம் செட்டப்புக்கா. முன்னாடியே பேசி வெச்சிக்கினு அடிச்சிக்கறானுங்க. இதப் போயி மாஞ்சி மாஞ்சி பாக்கறியே."

"ஏன் தம்பி, போன வருஷம் கூத்துல துரியோதனன் வேஷம் கட்னவரு ஆட்டம் முடிஞ்சி ஒன் கடையிலதான டீ குடிச்சாரு? அவரு சாவலன்னு ஒனக்குத் தெரியும். அப்புறம் எதுக்குத் துரியோதனன் சாவற படுகளத்தன்னிக்கு மூக்கச் சிந்திச் சிந்தி அழுத?"

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சின்னப்பையனுக்கு முகம் சுண்டிப்போனது. அந்தக் கறுவல் அவன் மனசில் இருந்தது என்பது பொங்கலில்தான் தெரிந்தது.

காணும் பொங்கலுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் பஜனைக் கோயில் எதிரே பந்தல் போட்டுப் படம் காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். வீட்டுக்கு வீடு வசூல் உண்டு. பெண்களும் கொடுக்கிறோம். ஆனால் என்ன படம் என்று முடிவு செய்கிறவன் சின்னப்பையன். எங்களை ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. தொண்ணூற்றொன்றாம் வருஷப் பொங்கலுக்கு வசூலுக்கு வந்தபோது அண்ணி வாசலை மறித்து நின்றாள்.

"இந்த வருஷம் ஒரு கேசட்டு நான் சொல்றதப் போடணும். சுங்குவார்சத்திரத்துல கேசட்டுக் கடைக்குப் புதுசா ஒரு பெரிய சண்ட வந்து கீதாம். ஷாரோன் கேட்டுக்கினு வந்தா. நானே இன்னும் பாக்கல."

சின்னப்பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டு, "சரிக்கா, போடறேன். ஆனா ஒண்ணு. முடியறதுக்குள்ள பாதிப் பேரு பந்தல வுட்டுப் போய்ட்டாங்கன்னா, அதோட நீ சண்ட சண்டன்னு ஊர்ல வாயத் தொறக்கக் கூடாது. ஒத்துக்கிறியா?" என்றான்.

மல்யுத்தம் பேசாத அண்ணியை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வயல், வீடு, கம்பெனி, மாமியார் என்று நாளெல்லாம் அடுத்தவர் சொல்லைக் கேட்டுக் கேட்டே வாழ்ந்தவள் அவள். தனக்கென்று அவள் கருத்துச் சொன்னது இந்த ஒரு விஷயத்தில்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால்? "வேணாம் அண்ணி" என்று கையைப் பிடித்தேன்.

"ஒத்துக்கிட்டேன் போ. ஜெயிச்சா வருஷா வருஷம் ஒரு கேசட்டு என்னுது" என்றாள் அண்ணி. வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான் அவளுக்கு.

காணும் பொங்கலன்று மத்தியானம் சோறு உண்ட கையோடு ஊர் பந்தலுக்கு வந்துவிட்டது. வெளிச்சம் விழாமல் மூன்று பக்கமும் சாக்குப் படுதா கட்டியிருந்தார்கள். சின்னப்பையன் அடுத்துப் போட வேண்டிய சினிமாக் கேசட்டைக் கையில் தட்டியபடி டிவி பக்கத்திலேயே நின்றான்.

கேசட்டு ஓட ஆரம்பித்தது. இரண்டு கோட்டுக்காரர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் ஒருவன் வந்து கத்தினான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்வரிசையில் நான்கைந்து ஆண்கள் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்கள். கங்கா கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். சின்னப்பையன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான், படுபாவி.

அண்ணி எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு டிவி பக்கத்தில் போய் நின்றாள்.

"ஷாரோனு, சத்தத்தக் கம்மி பண்ணு. கங்கா, உக்காருடி! வர்றவன் யாருன்னு தெரியாம எங்க போற?"

கூத்தில் ராஜா வருவதற்கு முன் கட்டியக்காரன் வந்து, வருகிறவர் யார், எந்த நாடு, யாரோடு பகை என்று கேலியும் கிண்டலுமாகச் சொல்வானே, அப்படி ஆரம்பித்துவிட்டாள் அண்ணி!

"இதோ வர்றான் பாரு பீப்பாய். காலையில ஒரு அண்டா கூழு குடிச்சிட்டு மிச்சம் கீதான்னு கேட்டவன். இவனுக்கும் குட்டையனுக்கும் மூணு சண்டையாப் பகை. குட்டையன் கல்யாணத்துக்கு வெச்சிருந்த மோதரத்த இவன் புடுங்கிக்கினான்..."

மோதிரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அவளே கட்டிவிட்டது. கங்கா உட்கார்ந்தாள். போனவர்களில் ஒருவன் சாக்கை விலக்கி எட்டிப் பார்த்தான். நடுவர் வந்ததும், "இவருதான் நம்ம ஊரு வோல்டேஜு மாதிரி. வேணுங்கற நேரத்துல இருக்க மாட்டாரு" என்றாள். பந்தல் குலுங்கிச் சிரித்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கடைசிச் சண்டை வந்தது. ஒரு பக்கம் பீப்பாயும் அவன் கூட்டாளியும். இன்னொரு பக்கம் குட்டையனும் வெள்ளைச்சாமியும். வெள்ளைச்சாமி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு வந்தபோது அண்ணியின் குரலே மாறிவிட்டது.

"எல்லாம் நல்லாப் பாத்துக்கோங்க. இவன் தர்மரு. பொய் தெரியாது, சூது தெரியாது. கூட வந்தவனக் கை வுட மாட்டான். நான் சொல்றேன், எழுதி வெச்சிக்கோங்க."

கூத்தில் தர்மர் வேஷம் கட்டினவர் ஆட்டம் முடியும் வரை தர்மர்தான். நடுவில் துரியோதனனாக மாறிவிடுவாரா? அண்ணிக்கு அந்தக் கணக்குதான் தெரியும். எங்களுக்கும் அதுதான். ஆகவே ஊர் மொத்தமும் வெள்ளைச்சாமிக்குக் கை தட்டியது.

குட்டையன் ஒண்டியாக அடி வாங்கினான். தவழ்ந்து தவழ்ந்து தன் மூலைக்கு வந்து கையை நீட்டினான். அந்தக் கையை வெள்ளைச்சாமி தொட்டால் போதும், குட்டையனுக்குப் பதிலாக அவன் சண்டைக்கு உள்ளே வந்துவிடலாம். "தொடு, தொடு" என்று பந்தலே கத்தியது.

வெள்ளைச்சாமி தொடவில்லை. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். மெதுவாகக் கீழே இறங்கிப் போய் ஒரு இரும்பு நாற்காலியை எடுத்து வந்தான். குட்டையன் முதுகில் போட்டான் ஒரு போடு! அப்புறம் பீப்பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிலையாக நின்றாள். அவள் பேச்சு நின்று நான் பார்த்ததே இல்லை.

சின்னப்பையன் கைகொட்டிச் சிரித்தான். "யக்கா! ஒன் தர்மரு இன்னா பண்றான் பாத்தியா? எழுதி வெச்சிக்கணுமா? தர்மருக்கா, தர்மரு!"

தொலைந்தோம் என்று நினைத்தேன். ஊர் முன்னால் சாட்சி சொல்லி, அந்தச் சாட்சி பொய்யாகிவிட்டது. இனி இவள் பேச்சை எவன் மதிப்பான்? ஓடிப்போய் அவளை வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம் என்று எழுந்தேன்.

அண்ணி முந்தானையை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஆமாம்டா! நான்தான் தர்மருன்னு சொன்னேன். ஏமாந்துட்டேன். கூடவே நின்ன குட்டையனே ஏமாந்தான், எங்கியோ மண்ணூர்ல கீற நான் ஏமாற மாட்டேனா?"

அவ்வளவுதான். கங்கா குழந்தையைப் பக்கத்தில் இருந்தவள் மடியில் போட்டுவிட்டு டிவி முன்னால் போய் மண்ணை வாரித் தூற்றினாள். "நாசமாப் போறவனே! கை நீட்னானேடா! கை நீட்னானே!" பெண்கள் அத்தனை பேரும் வைய ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரிந்த வசவு எல்லாம் அன்றைக்குக் கேட்டேன், தெரியாததும் கொஞ்சம் கேட்டேன். கேசட்டு முதலிலேயே வெள்ளைச்சாமியைக் கெட்டவன் என்று காட்டியிருந்தால் இவர்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள். அண்ணி நல்லவன் என்று சொன்னதை நம்பியதால்தான் நெஞ்சு எரிந்தது. சாக்கு அவிழ்ந்து விழுகிற அளவுக்கு வெளியே இருந்தவர்கள் உள்ளே நுழைந்தார்கள். என் அண்ணன் நரசிம்மன், எதற்கும் வாய் திறக்காதவன், "ஏ கிளி! குட்டையன் எழுந்துக்கறான் பாரு!" என்று அலறினான்.

குட்டையன் எழுந்தான். மூன்று பேரையும் ஒண்டியாகச் சமாளித்தான், விழுந்தான், மறுபடி எழுந்தான். அண்ணி தொண்டை கிழியக் கதை சொன்னாள். கடைசியில் அவன் பீப்பாயைத் தரையோடு அமுக்கினான், நடுவர் மூன்று எண்ணினால் ஜெயிப்பு, அந்த நேரம் பார்த்து நடுவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குட்டையன் தோற்றான். கேசட்டு முடிந்து திரையில் புள்ளி புள்ளியாக ஓடியது.

ஒரு ஆள் பந்தலை விட்டு நகரவில்லை. ஷாரோன் என் தோளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம். அங்கங்கே கூட்டமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். குட்டையன் அவனை நம்பியிருக்கக் கூடாது என்றாள் ஒருத்தி. நம்பாமல் எப்படி என்றாள் கங்கா.

"சின்னப்பையா, படம் போடு" என்றேன், வேண்டுமென்றேதான்.

அவன் காதில் விழவே இல்லை. சினிமாக் கேசட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகம் சிவந்து, நேராக அண்ணியிடம் போனான்.

"இன்னாக்கா அநியாயம் இது? குட்டையன் அமுக்கிட்டான், நான் கண்ணால பாத்தேன்! அந்த நடுவரு எதுக்குக்கா திரும்புனான்? அவனுக்கும் வெள்ளைச்சாமி காசு குடுத்துட்டானா? அடுத்த சண்டையில குட்டையன் இவனச் சும்மா வுடுவானா? சொல்லுக்கா!"

அண்ணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். செட்டப்பு என்று சொன்ன வாயா இது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை. பாயைத் தட்டிப் போட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு தம்பி. மொதல்ல அந்த நடுவரப் பத்திப் பேசுவோம்."