கத்தரிக்காய்க்குச் சீனத்தில் என்ன பேர்?

சந்தையில் என் வெங்காயக் கடைக்குப் பக்கத்துக் கடை கத்தரிக்காய் அக்காவுடையது. வாய் என்றால் அப்படியொரு வாய். பேரம் பேச வருகிறவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க என் உயிரை எடுத்தாள்.

"ச்சியேட்ஸ... ச்சியேட்ஸ... சரியா வருதாப்பா?"

"எனக்கென்னக்கா தெரியும்? தும்மற மாதிரி இருக்கு."

"உங்கிட்ட போய்க் கேட்டேன் பாரு!"

பெற்றவர்கள் போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. தனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. அவன் சீனாவுக்கு வேலைக்குப் போனான், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். அவன் பெண்ணுக்கு இப்போது நாலு வயது. தமிழில் ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை அந்த மகராசன்!

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவான். குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடும். "என் மருமக மொகத்த முழுசா ஒரு தடவ பாக்கலியே" என்று அக்கா அன்றைக்கெல்லாம் புலம்புவாள்.

குழந்தையின் பாஷையில் ஒரு வார்த்தை பேசினால் நிற்காதா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. எந்த வார்த்தை? தன் கடைச் சரக்குதான். அவளிடம் காய் வாங்கும் சீன ஓட்டல் சமையல்காரர் கத்தரிக்காய்க்கு உள்ள பேரைச் சொல்லிக் கொடுத்தார்.

ஞாயிறும் வந்தது. நானும் கல்லாவை விட்டுவிட்டுப் போய் எட்டிப் பார்த்தேன். அக்கா போன் முன்னால் ஒரு கத்தரிக்காயைத் தூக்கிப் பிடித்து, "ச்சியேட்ஸ!" என்றாள்.

ஓடப் போன குழந்தை டக்கென்று நின்றது. திரும்பியது. கன்னத்தருகே இரண்டு விரலை விரித்து வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. அசையவே இல்லை.

"ஐயோ, தம்பி பல்லு! அப்படியே தம்பி பல்லு!" அக்கா போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, இங்க போட்டோ எடுக்கறப்ப எல்லாரும் கத்தரிக்கான்னுதான் சொல்லுவாங்க, ச்சியேட்ஸன்னா மொகம் சிரிச்ச மாதிரி விழும். நீ போட்டோ எடுக்கறேன்னு நெனச்சு நிக்கறா. பாவம், எடுத்தாச்சுன்னு சொல்லிடவா?"

"சொல்லாதடா! சொன்னா ஓடிடுவா. நிக்கிற வரைக்கும் பாத்துக்கறேன்."