பனிமலையில் கரையான்

நான் வேலை பார்த்த துறையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஆண்டறிக்கையில் ஏதாவது ஒரு விவரம் சென்ற ஆண்டிலிருந்து மாறியிருந்தால், ஏன் மாறியது என்று மூன்று பிரதிகளில் விளக்கம் எழுத வேண்டும். மாறாவிட்டால் ஒன்றும் எழுத வேண்டாம். ஆகவே எங்கள் துறையில் எதுவும் மாறியதில்லை. வெளியே ஆட்சி மாறியது, நாட்டின் பெயர் மாறியது, எங்கள் கட்டடத்தின் பெயர்ப்பலகைகூட மாறியது. பர்மாவின் வடகோடியில் இருக்கும் பனிமலை மட்டும், எங்கள் கோப்பின்படி, அப்படியே இருந்தது.

நான் அங்கே தலைமை எழுத்தர். மலையை நேரில் பார்த்ததில்லை. நகரத்தில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை. நான் ஏறிய பெரிய உயரம் அதன் மேம்பாலம்தான். ஐஸ் என்றால் மீன் கடையில் மரத்தூள் போட்டு மூடி வைத்திருப்பார்களே, அதுதான் எனக்குத் தெரியும்.

மலையைப் பார்க்க வேறொருவர் இருந்தார். எங்கள் நகரத்தின் தாகேதா பேட்டையைச் சேர்ந்தவர், என்னைப் போலத் தமிழர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். பனிப்பாறை முடியும் இடத்துக்குக் கீழே துறை கட்டிக்கொடுத்த மரக்குடிலில் தங்கி, பனி எங்கே நிற்கிறது என்று பார்த்து மாதம் ஒருமுறை எழுதி அனுப்புவது அவர் வேலை. கடிதம் சுமைக்காரர் முதுகில் இறங்கி, விமானத்தில் ஏறி, என் மேஜைக்கு வரும். பனி விளிம்பு பின்வாங்கியிருக்கிறது என்று அவர் எழுதுவார். ‘மாற்றமில்லை’ என்று நான் தட்டச்சு செய்வேன்; கோப்பில் ஏறுவது அது மட்டும்தான். இருவரும் தத்தம் கடமையைச் சரியாகச் செய்துவந்தோம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒருநாள் அவர் மனைவி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் கணவரின் கடிதம்.

“அண்ணே, குடிசை சாயுதாம்ணே. பின்பக்கத் தூண் ரெண்டும் மண்ணுக்குள்ள போயிடுச்சாம். ராத்திரி படுத்தா காலையில கிழக்குச் சுவத்துல கெடக்குறாராம்.”

“மண் என்ன ஆச்சாம்?”

“உருகுதாம். கோடையில கூட கல்லு மாதிரி உறைஞ்சு கெடந்த மண்ணாம். இப்ப சேறாப் போச்சாம். மழை வந்தா குடிசையோட பள்ளத்துக்குப் போயிடுவேன்னு எழுதியிருக்காரு. பக்கத்துப் பாறை மேல மாத்திக்கட்ட உத்தரவு வேணுமாம்.”

“உத்தரவு இல்லாமலே மாற்றிக்கொள்ளலாமே” என்றேன். அது நடக்காது என்று எனக்கே தெரியும். துறைக் கட்டடத்தை அனுமதியின்றி அசைப்பது குற்றம். அதை விட்டு இறங்கி வருவது அதைவிடப் பெரிய குற்றம். அந்த விதியைக் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டியவன் நான்தான்.

“அவரு உங்கள மாதிரிண்ணே, விதிய மீற மாட்டாரு. மழைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு” என்றார் அவர். பாராட்டாகத் தெரியவில்லை.

அதிகாரியிடம் போனேன். வயதில் என்னைவிட மிக இளையவர். பர்மிய மரியாதைப்படி என்னை ‘ஊலே’ என்பார், அதாவது மாமா. நான் அவரை ‘சயா’ என்பேன், அதாவது ஐயா. சயா கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“நிலம் உருகுமா ஊலே? நிலம் என்ன ஐஸ்கிரீமா?”

“அங்கே நிலத்துக்குள்ளேயும் ஐஸ் இருக்கிறதாம் சயா.”

“மேலே பனி?”

“அதுவும் குறைகிறதாம்.”

“போன ஆண்டறிக்கையில் மாற்றமில்லை என்று இருக்கிறதே. யார் கையெழுத்து?”

“உங்களுடையது சயா.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “அப்படியென்றால் நிலம் உருகவில்லை. வேறு காரணம் பாருங்கள்.”

கட்டடம் மாற்றும் படிவத்தில் ஐந்து காரணங்கள் அச்சிடப்பட்டிருந்தன: தீ, வெள்ளம், நிலநடுக்கம், எதிரியின் செயல், கரையான். ‘மற்றவை’ என்ற பகுதி கிடையாது. மற்றவை நடக்க அனுமதியில்லை. தீ என்றால் காவல்துறைச் சான்று வேண்டும். வெள்ளம் என்றால் மாவட்ட நிர்வாகம் வந்து பார்க்கும். நிலநடுக்கத்துக்கு வேறு துறை கருவியோடு வரும். எதிரியின் செயல் என்று எழுதினால் ராணுவம் வந்துவிடும். பிறகு குடில் சாய்வதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்காது. கரையானுக்கு மட்டும் தலைமை எழுத்தரின் கையெழுத்தே போதும்.

கரையான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டே வாரத்தில் உத்தரவு வந்தது. துறையில் அது ஒரு சாதனை. கூடவே நான்கு டின் கரையான் மருந்தும் வந்தது. மருந்தில்லாமல் உத்தரவை அனுப்ப விதி இல்லை. சுமைக்காரர்கள் நான்கு நாள் மலையேறி அதைப் பனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மழைக்காலம் முடிந்து பதில் வந்தது. “அண்ணே, குடிலைப் பாறைக்கு மாற்றிவிட்டேன். பழைய இடம் ஆடி மாதமே பள்ளத்தில் இறங்கிவிட்டது. நான் நலம். கரையானைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.” மருந்தின் பலன் பற்றி மேலிடத்தில் அறிக்கை கேட்டார்கள். ‘பனிப் பகுதியில் கரையான் தென்படவில்லை’ என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் பனிமலை பற்றி நான் எழுதிய ஒரே உண்மை அதுதான். கரையானை ஒழித்ததற்காகச் சயாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

நான் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் கழித்து ஓர் இளம் பெண் ஆய்வாளர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். மலைப் பனி உருகுவது பற்றி வெளிநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகிறாராம். பழைய கோப்பு முழுவதையும் பார்த்துவிட்டார். முகத்தில் அப்படியொரு உற்சாகம்.

“ஊலே, பனி விளிம்பு மாறவேயில்லை. ஆனால் அந்த உயரத்துக்குக் கரையான் ஏறியிருக்கிறது! மலை எவ்வளவு சூடாகியிருந்தால் அது நடந்திருக்கும்? இது பெரிய சான்று. கட்டுரையே இதை வைத்துத்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண் நாலு பேர் முன்னால் நின்று என் கரையானைப் பற்றிப் பேசப் போகிறார். மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு பஸ் பிடித்துத் தாகேதாவுக்குப் போனேன்.

மலைக்குடிலில் இருந்த நண்பரும் ஓய்வுபெற்று இறங்கி வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தார். சிவப்பு பூசிய ஒரு கல்லிலிருந்து பனி விளிம்பு வரை ஒவ்வொரு கோடையிலும் அவர் நடந்து எண்ணிய அடிகள் அதில் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் அடிகள் கூடிக்கொண்டே போயின. ஆய்வாளர் வெகுநேரம் நிமிரவில்லை.

“இதெல்லாம் ஏன் அறிக்கையில் வரவில்லை?”

நண்பர் என்னைப் பார்த்தார். வழக்கத்தைச் சொன்னேன், மூன்று பிரதி உட்பட. சொல்லி முடித்தபோது அது எனக்கே அவ்வளவு நல்ல வழக்கமாகத் தோன்றவில்லை.

“அப்படியானால் அந்தக் கரையான் குறிப்பைத் திருத்தி எழுதித் தருவீர்களா?”

மூடிய கோப்பைத் திருத்தக் கையெழுத்திட்டவரின் விளக்கம் வேண்டும். பணியில் இருந்தவரை நான் அப்படியொன்று எழுதியதில்லை. தாள் கேட்டு வாங்கி, இடையில் கார்பன் வைத்து, மூன்று பிரதி எழுதினேன். காரணம்: நிலம் உருகியது. அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

சமையலறையிலிருந்து நண்பரின் மனைவி தலையை நீட்டினார்.

“அன்னிக்கு நான் கொண்டாந்த கடுதாசியிலயும் இதாண்ணே எழுதியிருந்துச்சு.”