ஆற்றுவாய் வெட்டி எட்டாம் நாள்

வியாழன், காலை ஆறரை மணி. மட்டக்களப்பு ரயில் நிலையம்.

கொழும்பிலிருந்து இருநூற்றுச் சொச்சம் மைல், மூன்றாம் வகுப்பு. முதல் நூற்றைம்பது மைலுக்கு யாரோ ஒருவர் என் தோளில் தூங்கினார். மிச்சத்துக்கு நான் அவர் தோளில் தூங்கினேன். இறங்கும்போது இருவரும் ஒருவரையொருவர் கண்டறியாதவர்கள்போல நடந்துகொண்டோம். மார்கழி மழை சற்று முன்தான் விட்டிருந்தது. முகத்தைக் கழுவாமலே கழுவினது போலிருந்தது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பத்திரிகையின் புதுவருட மலரில் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' என்று ஒரு பக்கம் உண்டு. எந்த ஊரில் என்றைக்கு என்ன விழா என்று அதில் இருக்கும். மற்றப் பக்கங்களில் நான் எழுதுவதை வாசகர்கள் நம்புவதில்லை. நம்பவேண்டுமென்று நானும் எதிர்பார்ப்பதில்லை. இந்த ஒரு பக்கத்தை மட்டும் நம்பிவிடுகிறார்கள். போன வருடம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஓர் ஊரின் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிக்கும் தோணி ஓட்டத்துக்கும் 'ஜனவரி முதலாம் திகதி' என்று கொழும்பில் மேசைக்கு முன்னாலிருந்தே போட்டுவிட்டேன். ஆண்டின் முதல் நாள், அழகான திகதி. இரண்டு பஸ் நிறையச் சனம் போய், சவாரித் தெருவில் இடுப்பளவு தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஆசிரியர் என்னை ஏசவில்லை. 'இந்த முறை நேரில் போய்க் கேட்டு வாரும், திங்கட்கிழமைக்குள் தந்தி அடியும்' என்று மட்டும் சொன்னார். ஏசியிருக்கலாம்.

காலை எட்டரை மணி. சித்தாண்டி பஸ்.

பதின்மூன்று மைல், அறுபத்தைந்து சதம். தெருவுக்கு இருபுறமும் வயலிருக்க வேண்டிய இடத்தில் வானம் கிடந்தது. நடுவே வரம்புகள் மட்டும் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. முருகன் கோயில் வாசலில் வாழைப்பழம் விற்கும் அம்மாவிடம் திருவெம்பாவை எப்போது தொடங்குகிறது என்று கேட்டேன்.

"பஞ்சாங்கத்தில கிடக்கே ஐயா. அதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"சனம் நிறைய வருமா?"

"சனம் எப்பிடி வரும்? வட்டையெல்லாம் தண்ணி நிக்குது. ஆத்துவாய் வெட்டினாத்தான் சனத்துக்குச் சாமி ஞாபகம் வரும்."

வட்டை என்பது வயல்வெளி. ஆற்றுவாய் என்று அவர் சொன்னது முகத்துவாரத்தை. மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் இடம் அது. கோடையில் கடல் அந்த வாயில் மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும். மாரியில் வாவி நிரம்பும். நிரம்பினால் வயல்களுக்குள் ஏறும். யாராவது போய் அந்த மணல் திட்டை வெட்டிவிட்டால்தான் தண்ணீர் கடலுக்குப் போகும். தேத்தண்ணிக் கடையில் ஒருவரிடமும் பஸ்ஸில் இருவரிடமும் விழாக்களைப் பற்றி விசாரித்தேன். பள்ளிக்கூடப் பரிசளிப்பு, பஜனை, கலியாணம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: வாய் வெட்டினால் பிறகு. குறிப்புப் புத்தகத்தில் திகதி எழுதவென்று நான் கீறி வைத்திருந்த கட்டங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

பிற்பகல் மூன்று மணி. மண்முனைத் துறை.

வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கே 'பாதை' என்று பெயர். இரண்டு வள்ளங்களைச் சேர்த்து மேலே பலகை அடித்திருக்கிறார்கள். பத்துச் சதம். மாட்டுக்கும் வண்டிக்கும் வேறு கணக்கு. மறுகரையில் மிதவை நேராகத் தார் றோட்டிலேயே போய் முட்டியது.

"தண்ணி றோட்டில ஏறி நிக்குது. சப்பாத்து நனையாம இறங்குறீங்க. ஐயாவுக்கு நல்ல காலம்" என்றார் பாதைக்காரர். அவர் முகத்தைப் பார்த்தால் அது நல்ல காலமாகத் தெரியவில்லை.

அங்கிருந்து மூன்று மைல், மாட்டுவண்டியில். போன வருடம் நான் திகதி போட்ட ஊரேதான். ஊரின் பெரிய நிலக்காரரான கந்தப்போடியார் வீட்டு வாசலில் என்னை முதலில் கண்டது அவர் மனைவி பாக்கியம்.

"இஞ்ச வாங்க, திகதி ஐயா வந்திரிக்கார்! போன முறையும் இவர் எழுதினார், வெள்ளம் வந்திச்சு. இந்த முறை வெள்ளம் முந்திட்டுது, இவர் பிந்திட்டார்."

"சும்மா இரி" என்று போடியார் உள்ளிருந்து வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். பதினெட்டு ஏக்கர், அதில் பன்னிரண்டு பள்ளக் காணி. என்னை இருக்கச் சொல்லவில்லை. "வாங்க, ஒண்டு காட்டுறன்" என்று வட்டைக்குக் கூட்டிப் போனார்.

வரம்போரமாக ஒரு தடி நட்டிருந்தது. அதில் கத்தியால் கீறிய நாலு அடையாளங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஒவ்வொரு கீறலும் ஒரு நாள். நாலாவது கீறலைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. நெற்பயிரின் நுனிகள் மட்டும் நாலு விரல் உயரத்துக்கு வெளியே தெரிந்தன. அவர் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு தண்டைத் தடவினார்.

"குடலை ஐயா. கதிர் உள்ளுக்க இரிக்கு, வெளிய வரல்ல. ஆறு நாள் மட்டும் தாங்கும். அதுக்கு மேல நிண்டா எனக்கு வைக்கல்தான் மிச்சம்."

சனிக்கிழமை ஆறாம் நாள். சவாரியைப் பற்றிக் கேட்க வந்தவன் அதைக் கேட்காமல் திரும்பினேன். சாப்பிடும்போது அவராகவே சொன்னார்:

"வைக்கலுக்கு ஆர் ஐயா சவாரி விடுற?"

வெள்ளி, காலை எட்டு மணி. முகத்துவாரம்.

நாலு மணிக்கே போடியாரும் ஊரார் நாற்பது பேரும் புறப்பட்டார்கள். நாற்பது மண்வெட்டி, ஒரு நான். பாதையில் கடந்து, லொறி ஒன்றில் நகரம் போய், அங்கிருந்து மூன்று மைல் மணலில் நடந்தோம். கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டைத் தாண்டினால் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே நூறு அடி அகலத்துக்கு மணல். வாவி உயரத்திலும் கடல் பள்ளத்திலும் இருந்தன. இதைவிட எளிய காரியம் உலகத்தில் இல்லை என்று பார்க்கிறவனுக்குத் தோன்றும்.

அந்தக் கரையில் மீன்பிடிக்கிறவர்களுக்குத் தலைவர் சவிரியான். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன போடியார், படையோட வாறீங்க?"

"அளவுக் கல்லில தண்ணி முட்டிட்டுது. நீர்ப்பாசன ஓவசியரும் பாத்து ஓம் எண்டுட்டார். வெட்டுவம்."

"வெட்டுவம். திங்கக்கிழமை வெட்டுவம்."

"திங்கக்கிழமை எண்டா எனக்கு எட்டு நாள், சவிரியான்."

"இண்டைக்கு எண்டா எனக்கு நத்தார் இல்ல. இறால் இப்பதான் பருத்து நிக்குது. வாய் திறந்தா எல்லாம் கடலுக்கு. இந்தக் கரையில அறுபது வீடு, போடியார். பிள்ளையளுக்கு உடுப்பும் இதிலதான், கோயிலுக்கு மெழுகுதிரியும் இதிலதான்."

கிறிஸ்மஸுக்கு இன்னும் சில நாள்தான். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. கூட வந்த நாற்பது பேரில் ஓர் இளந்தாரி மட்டும் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, "நாங்களே வெட்டிட்டுப் போவம்" என்றான்.

சவிரியான் சிரித்தார். "வெட்டு மனே. ரெண்டு வருசத்துக்கு முந்தியும் எங்களைக் கேளாம வெட்டினீங்கதானே? வயலில வக்கடை வெட்டுற மாதிரி நினைச்சு, கடல் ஏறுற நேரம் பாத்து வெட்டினீங்க. மத்தியானத்துக்குள்ள கடல் மூடிட்டுது. மூடினதோட விட்டுதா? உப்புத் தண்ணியும் உள்ளுக்க வந்திச்சு."

இளந்தாரி மண்வெட்டியை மறுபடி தோளில் வைத்துக்கொண்டான். வக்கடை என்பது வரம்பில் தண்ணீரை வடியவிட வெட்டும் வாய். கடலுக்கு நேரம் காலம் உண்டென்பதும், வயல் வரம்பைப் போலல்லாமல் அது எதிர்த்து வரும் என்பதும் அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் போன வருடம் செய்த வேலையும் ஏறக்குறைய அதுவே.

போடியார் மணலில் குந்தினார். வாவியில் கிடந்த வலைகளை எண்ணினார்.

"திங்கள் வரைக்கும் நீங்க எத்தினை பேர் வலை இழுப்பீங்க?"

"பன்னிரண்டு பேர்."

"நாலு நாளைக்குப் பன்னிரண்டு பேர். எங்கட நாற்பதையும் சேத்தா?"

சவிரியான் நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "இவங்களா? வலையில எது தலை எது கால் எண்டு தெரியுமா?"

"உங்கட ஆக்கள் முன்னுக்கு நிக்கட்டும். எங்கட ஆக்கள் மாடு மாதிரி இழுப்பாங்க."

"மாடு நீந்தும், போடியார்" என்றார் சவிரியான். ஆனால் எழும்பிவிட்டார்.

வெள்ளி, பகல் முழுவதும்.

மண்வெட்டிகளை வெளிச்சவீட்டுச் சுவரோரம் அடுக்கிவிட்டு எல்லாரும் வாவிக்குள் இறங்கினோம். 'இறங்கினோம்' என்பதில் என்னையும் சேர்த்திருக்கிறேன். ஏழு நிமிடத்துக்கு அது உண்மை. சேற்றில் முழங்கால்வரை நின்று பழகியவர்களுக்கு நெஞ்சளவு தண்ணீர் ஒத்துவரவில்லை. இடப்பக்கம் இழு என்றால் இழுத்தார்கள். நிறுத்து என்றால் அப்போதும் இழுத்தார்கள். ஒரு முறை வலையோடு சவிரியானையும் கரைசேர்த்துவிட்டார்கள்.

"என்னை எந்தச் சந்தையில விப்பீங்க?" என்று வலைக்குள்ளிருந்து கேட்டார் அவர்.

மத்தியானத்துக்குப் பிறகு கை பழகியது. கூடைகள் நிரம்பின. கூடை போதாமல் போக, நெல்லுக்கட்டும் சாக்குகளில் இறால் ஏறியது. கரையில் பெண்கள் பிரித்துப் பிரித்து நகரச் சந்தைக்கு அனுப்பினார்கள். சூரியன் இறங்கும்போது சவிரியான் குவியல்களைப் பார்த்தார். நாலு நாள் இறால் அல்ல அது. மூன்று நாளுக்குக் கொஞ்சம் குறைவு.

"காணாது" என்றார். பிறகு, "சரி. நத்தாருக்கு மெழுகுதிரியைக் கொஞ்சம் கட்டையா வாங்குவம்" என்றார்.

சனி, காலை ஆறு மணி.

கடலின் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு முழம் அகலம். வாவியோரம் ஒரு பாய் அகல மணலை மட்டும் விட்டுவைத்தார்கள். சவிரியான் கடலைப் பார்த்தபடி நின்றார். ஏழு மணி ஆயிற்று. நாற்பது பேரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போடியார் மட்டும் பார்க்கவில்லை; விரலால் மணலில் கோடு கீறிக்கொண்டிருந்தார். ஆறு கோடுகள்.

"இப்ப" என்றார் சவிரியான். மண்வெட்டியைப் போடியாரிடம் நீட்டினார்.

"நீ வெட்டு" என்றார் போடியார்.

"நானா? என்ட மனிசி கேட்டா என்ன சொல்ல?"

"நான் வெட்டி, கடல் திரும்ப மூடினா, இந்த நாற்பது பேரும் என்னையல்லவா தின்னுவாங்க? நீ வெட்டினா வாய் திறந்தே கிடக்கும்."

சவிரியான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வெட்டினார்.

முதலில் வந்த தண்ணீர், அரிசி களைந்து ஊற்றினது போலத்தான் இருந்தது. இதற்கா இவ்வளவு என்று நினைத்தேன். கால் மணியில் அது வாய்க்கால் ஆயிற்று. எட்டரைக்கு இரண்டு கரையிலும் மணல் பாண் ரொட்டித் துண்டுகளைப்போலச் சரிந்து விழத் தொடங்கியது. பத்து மணிக்கு அக்கரையில் நின்றவரின் கூச்சல் இக்கரைக்குக் கேட்கவில்லை. மத்தியானம் ஒரு பஸ் குறுக்கே போகும் அகலம். வாவி முழுவதும் அந்த ஒரு வாயால் பழுப்பு நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

"இது கடவுள் வெட்ட மறந்த வக்கடை, ஐயா" என்றார் போடியார்.

அப்போதுதான் கேட்டேன். வண்டிச் சவாரியும் தோணி ஓட்டமும் என்றைக்கு?

"எட்டாம் நாள்" என்றார் போடியார். "இண்டையில இரிந்து எண்ணினா எட்டாம் நாள் சவாரித் தெரு காயும்."

"பத்தாம் நாளுக்கு மேல தோணி தரை தட்டும்" என்றார் சவிரியான். "அதால எட்டாம் நாள்தான்."

"அப்படியானால் அடுத்த சனிக்கிழமை என்று போடட்டுமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இடையில மழை பெஞ்சா?" என்றார் போடியார்.

"பெய்தால்?"

"திரும்ப எண்ணுவம்."

ஞாயிறு, காலை ஏழு மணி. கந்தப்போடியார் வட்டை.

தடியில் பாக்கியம் கீறியிருந்த ஆறாவது கீறலுக்குக் கீழே ஐந்தாவது, நாலாவது, மூன்றாவது எல்லாம் வெளியே தெரிந்தன. போடியார் ஒரு தண்டைப் பிடுங்கி நகத்தால் கீறினார். உள்ளே இளங்கதிர், நனைந்த நூல்போல, வெளிறிய பச்சையில் இருந்தது. என்னிடம் நீட்டினார், பிறகு மனம் வராமல் தானே வைத்துக்கொண்டார்.

"உசிரோட இரிக்கு."

பள்ளத்து மூலையில் இரண்டு வயல் போய்விட்டது. அழுகிய மணம் வரம்பிலேயே தெரிந்தது. அந்தப் பக்கம் அவர் போகவில்லை. வீட்டுக்கு வந்தபோது பாக்கியம் இறால் கறி வைத்திருந்தாள். சாக்கு ஒன்று முகத்துவாரத்திலிருந்து எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"திகதி ஐயா, நல்லாச் சாப்பிடுங்க. இந்த முறை வெள்ளம் உங்களைக் கண்டு ஓடிட்டுது."

திங்கள், காலை எட்டு மணி. மண்முனைத் துறை.

வியாழக்கிழமை மிதவை முட்டி நின்ற தார் றோட்டிலிருந்து தண்ணீர் இருபது கவடு நடைக்குத் தள்ளிப் போயிருந்தது. நடுவே சேறு. பன்னிரண்டாவது கவட்டில் என் வலக் காலை மட்டும் வாவி திருப்பித் தந்தது; சப்பாத்தைத் தரவில்லை.

"தேடட்டா ஐயா?" என்றார் பாதைக்காரர். அவர் முகம் இன்றைக்குத் துலக்கமாயிருந்தது.

"வேண்டாம். இருக்கட்டும்" என்றேன். இவ்வளவு மனநிறைவோடு நான் வேறெதையும் தொலைத்ததாக நினைவில்லை.

கொழும்பில் என் அறையில் மூன்று கலண்டர்கள் தொங்குகின்றன. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. போன வருடம் அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

காலை பத்து மணிக்கு நகரத் தபால் கந்தோருக்குள் ஒற்றைச் சப்பாத்தோடு நுழைந்தேன். தந்திப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'சவாரியும் தோணியும் ஆற்றுவாய் வெட்டி எட்டாம் நாள்.' எழுத்தர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"திகதி போடல்லையா?"

காலைத் தூக்கிக் காட்டினேன். முழங்கால்வரை, தண்ணீர் வடிந்த வாவிக்கரைச் சேறு காய்ந்திருந்தது.

"ஓ, வெட்டியாச்சா!" என்றார். "எப்ப?"

"சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு."

அவர் பேனாவை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேரும் எண்ணினார்கள்.

"அப்ப இண்டைக்கு மூண்டாம் நாள்" என்று எழுத்தர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். "லீவுக்கு எழுதிக் குடுக்க வேணும்."