படுத்தபடியே விவசாயம் பார்த்தவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மூன்றாம் வகுப்போடு சரி. பேர்கள் மறந்துவிடும், முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லுவேன். வாரா வாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரமும் அப்படியே.

போன வாரம் பக்கத்து வீட்டுச் செல்வியோடு தேனியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு பெண் குழந்தை. வீட்டு ஓனர் குழாயைத் திறந்து காட்டினார், மோட்டாரைப் போட்டுக் காட்டினார். கடைசியில் கேட்டார் — "சார் எப்ப வருவாரு?"

செல்வி உண்மையைச் சொன்னாள். வீடு இல்லை என்றாகிவிட்டது.

உண்மையைச் சொன்னால் எவர் கொடுப்பார்? நான் சொல்லவில்லையே.

உலகச் சண்டை நடந்த காலம். தேவாரத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்து வீட்டில் குடியிருந்தோம், அக்கம்பக்கம் கிடையாது. என் வீட்டுக்காரர் ஏல மலைக்கு வேலைக்குப் போனார். போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். எனக்குக் கையில் குழந்தை, காட்டில் பாதி வளர்ந்த சோளம். நிலம் உத்தமபாளையத்துக்காரர் ஒருவருடையது. விளைந்ததில் அவருக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. ஆம்பளை இல்லாத வீட்டுக்கு அப்போது யார் நிலம் விடுவார்கள்? தெரிந்தால் பயிரோடு பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். நானும் பிள்ளையும் எதைத் தின்பது?

நிலத்துக்காரர் மாட்டுவண்டியில் வருவார். "எங்கத்தா அவன்?"

"சந்தைக்குப் போயிருக்காகய்யா."

அடுத்த முறை, "மாமன் செத்துப்போனாக, அங்கன போயிருக்காக."

அதற்கடுத்த முறையும் மாமன் என்றுதான் வாயில் வந்தது.

"போன தடவையே ஒன் மாமன் செத்துட்டானேத்தா?"

"இது சின்ன மாமங்கய்யா."

அவர் சிரிக்கவில்லை. "வர்ற வெள்ளிக்கெழம வருவேன். அவன் வீட்டுல இருக்கணும். இல்லேன்னா வேற ஆளு வந்து அறுத்துக்கிருவான்."

கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை வேப்பமரத்தில் ஏறினேன். நாலு கொத்து ஒடித்து வாசல் நிலையில் செருகினேன். அம்மை போட்ட வீட்டுக்குள் அந்நியர் யாரும் காலெடுத்து வைக்க மாட்டார்கள் அல்லவா? மாரியாத்தாளை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. விளக்கேற்றிச் சொன்னேன் — "நீயும் ஒண்டியாத்தான இருக்க தாயி, ஒனக்குத் தெரியாததா?" பதில் இல்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வந்தவர், வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"யாருக்குத்தா?"

"அவுகளுக்குத்தான்யா. எந்திரிக்க முடியல."

வாசலைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு சத்தமாக, "ஏப்பா, பயப்படாத. ஆத்தா பாத்துக்குவா" என்றார். உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்த கோழி முனகியது. அவர் தலையாட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து நோயாளிக்கு இளநீர் குலையோடு வந்தது. நானும் குழந்தையும் குடித்தோம். வழியில் எதிரே வந்தவர்களெல்லாம் ஒதுங்கிப் போனார்கள். ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

கதிர் முற்றியதும் வேப்பிலையை எடுத்தேன். "அம்மை எறங்கிருச்சு, அசதிதான் போகல" என்று சொல்லி, நாலு பெண்களைக் கூலிக்குக் கூட்டி அறுத்துக் களத்தில் குவித்தேன்.

நிலத்துக்காரர் வந்தார். குவியலை ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த நிலத்தில் அவ்வளவு விளைச்சலை அவர் பார்த்ததில்லை. என் கையைப் பார்த்தார் — சோளத்தட்டை கிழித்த காயம். வீட்டுக் கொடியைப் பார்த்தார் — என் சேலையும் குழந்தைத் துணியும். ஒரு வேட்டி இல்லை.

வேப்பிலையை யோசித்தவள் வேட்டியை யோசிக்கவில்லையே...

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வர்ற வருசமும் ஒன் புருசனே பாக்கட்டும்த்தா. படுத்துக்கிட்டே இம்புட்டு வெளைய வச்சவன், எந்திரிச்சாக் கெடுத்துப்புடுவான். எந்திரிக்க விட்டுறாத."

அதற்குப் பிறகும் பல வருஷம் 'அவர்' படுத்துக்கொண்டே விவசாயம் பார்த்தார்.

சோளம் என்று எழுதிவிட்டேன், கம்பாகவும் இருக்கலாம். தேவாரம் பக்கம் வயசானவர்கள் இருந்தால் விசாரித்துத் திருத்துங்கள். விளைய வைத்தது யார் என்று மட்டும் கேட்க வேண்டாம் — எல்லாரும் அவர் பேரைத்தான் சொல்லுவார்கள்.