ஒரு முறம் தவிடு

என் தம்பியை ஒரு முறம் தவிட்டுக்கு விற்றார்கள். விற்றது அம்மா. வாங்கியது பக்கத்து வீட்டுப் பாயம்மா. தவிட்டைத் தின்றது எங்கள் மாடு. மொத்தத்தையும் ஒரே மூச்சில் தின்று வயிறு உப்பிப் படுத்துவிட்டது. பிள்ளையைக் காப்பாற்ற விற்ற அன்றைக்கு, அப்பா மாட்டைக் காப்பாற்ற வைத்தியரைத் தேடிக் கடலூர் முதுநகர் முழுக்க அலைந்தார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் போலீசைக் கூப்பிடுவார்கள். அதனால் விளக்கிவிடுகிறேன். ஒரு வீட்டில் பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்துப் பிறந்ததை வேற்று ஆளுக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாட்டுத் தீவனத்துக்கு விலைபோன பிள்ளையை எமன் மதிக்கமாட்டான், தாண்டிப் போய்விடுவான் என்பது நம்பிக்கை. விற்ற பிறகும் பிள்ளை அதே வீட்டில்தான் வளரும். உரிமை மட்டும் வாங்கியவருக்கு. எனக்கு அடுத்துப் பிறந்தவை தங்கவில்லை. அதற்கும் அடுத்து வந்தவன்தான் இவன். அறுபதுகளின் நடுவில், ஊரே அரிசிக்கு ஆலாய்ப் பறந்த காலம். அதில் நயமான தவிடு கொடுத்து வாங்கினாளே பாயம்மா, அதைச் சொல்லவேண்டும்.

"இதெல்லாம் எங்க மார்க்கத்துல கிடையாதும்மா. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குத் தெரிஞ்சா என்னயத்தான் தவுட்டுக்கு விப்பாரு" என்று சொல்லிக்கொண்டேதான் முறத்தை நீட்டினாள். அவள் புருஷன் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். பெற்ற பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து ஆளாகி, திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அவள் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

தம்பி பிறந்தபோது அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தவனைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டித்தான் அழவைத்தார்கள். அதற்குப் பிறகும் அவன் ஊரார் எதிர்பார்த்த எதையும் செய்யவில்லை. தலை நிற்கவில்லை. உட்காரவில்லை. பேச்சு வரவில்லை. கைகள் இறுக மூடியே இருக்கும். வலிப்பு வந்தால் வில்லாய் வளைவான், பிறகு துணியாய்த் துவள்வான். ஒரு பாலாடைச் சங்குப் பாலை உள்ளே இறக்குவதற்குள் அம்மாவுக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

அவனுக்கு ஒன்று மட்டும் நன்றாக வந்தது. சிரிப்பு. அதுவும் கொஞ்சினால் வராது. கிலுகிலுப்பை ஆட்டினால் வராது. யாராவது யாரையாவது திட்டினால்தான் வரும். அப்பா சொத்தைக் கத்தரிக்காய் வாங்கி வந்த அன்று அம்மா போட்ட கூச்சலில், பாயில் கிடந்தவன் வாயெல்லாம் திறந்து கெக்கெக்கே என்று சிரித்தான். அம்மா சோதித்துப் பார்ப்பதற்காக மறுபடி திட்டினாள். மறுபடி சிரித்தான்.

அவ்வளவுதான், அப்பா கெட்டுப்போனார். துறைமுகத்தில் குமாஸ்தா, பரம சாது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே சொத்தைக் கத்தரிக்காயாகப் பொறுக்கி வாங்கிவர ஆரம்பித்தார். குடையைத் தொலைத்தார். பால் சொம்பைக் கவிழ்த்தார். அம்மா அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள், தம்பி சிரிப்பான், அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை. தெருவில் போகிறவர்கள், பாவம் மனுஷன் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள்.

ஆனால் திட்டுவதில் பாயம்மாவுக்கு முன்னால் அம்மா எம்மாத்திரம்! விடியற்காலைத் தொழுகையை முடித்த கையோடு கொல்லைப்பக்கமாக வந்துவிடுவாள். "இன்னாம்மா, எம்புள்ளய ஏன் இப்புடிப் போட்டு வச்சிருக்கே? கழுத்துல பால் காஞ்சு கெடக்குது, எறும்பு வந்து நாட்டாம பண்ணுது!" என்று தொடங்குவாள். எம்புள்ள, எம்புள்ள என்றுதான் சொல்வாள். அம்மாவுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமுடியாது. விற்றது விற்றதுதானே. நோன்பு மாதத்தில் கஞ்சியைத் துணியில் வடிகட்டி அவனுக்குப் பாலாடையில் ஊற்றுவாள். எனக்கு ஊற்றமாட்டாள். "ஒன்ன யாருடி வாங்குனா?" என்பாள்.

அவனுக்கு மூன்று வயது நடந்தபோது சிதம்பரத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டப் போனோம். கீழவீதியில் இருந்த பெரியப்பா வீட்டில் தங்கல். டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டினார், கண்ணில் விளக்கடித்தார். "மூளையில அடி பட்டிருக்கு. பொறந்தப்பவே. இது மாறாதும்மா. வலிப்பு ஜாஸ்திதான் ஆகும்" என்றார். எவ்வளவு நாளைக்கு என்று அப்பா கேட்டார். டாக்டர் வலிப்புக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கே பெரிய வலிப்பு ஒன்று வந்தது. அடங்கிய பிறகு பையன் கண் திறக்கவில்லை. இரண்டு நாள் பால் இறங்கவில்லை. லீவு நீட்டிக்கச் சொல்ல அப்பா கடலூருக்கு ஓடியிருந்தார். இங்கே பெரியப்பா முடிவு கட்டிவிட்டார். நல்லவர்தான். ஆனால் எதையும் முறைப்படி செய்து முடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். "கஷ்டப்படாம போகட்டும். எல்லாரும் வந்து ஒரு வாய் பால் ஊத்திடுங்க" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினார்.

அதோடு விட்டாரா? காசியிலிருந்து வாங்கி வந்த கங்கைச் சொம்பு ஒன்று பூஜை மாடத்தில் இருந்தது. வாயை ஈயத்தால் பற்றவைத்து மூடிய செம்புச் சொம்பு. தன்னுடைய கடைசி நேரத்துக்கென்று அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. குழந்தையைப் பார்த்து மனசு இளகி, அதையே கொண்டுவந்து சுத்தியலால் தட்டித் திறந்தார். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். குழந்தைக்காகவா, சொம்புக்காகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கூடத்தில் வரிசை கட்டி நின்றார்கள். முதல் பால் யார் ஊற்றுவது என்பதில்தான் வந்தது வினை. அத்தை, அப்பாவுக்கு அக்கா, தனக்குத்தான் உரிமை என்றாள். மூத்த மருமகள் தான் இருக்கும்போது இவள் யார் என்று பெரியம்மா கேட்டாள்.

"என் தம்பி புள்ளைக்கு நான் ஊத்தாம ஊர்ல போறவளா ஊத்துவா?"

"தம்பி புள்ளையாம்! பொறந்ததுலேர்ந்து ஒரு சட்டத் துணி வாங்கிக் குடுத்திருப்பியாடி?"

"நீ குடுத்து கிழிச்சே!"

பாயிலிருந்து கெக் என்றொரு சத்தம்.

இரண்டு பேரும் சண்டையை நிறுத்தினார்கள். தம்பியின் வாய் சிரிப்புக்குக் கோணிக்கொண்டு போனது. அம்மா அலறினாள். "நிறுத்தாதீங்க! திட்டுங்க! இன்னும் திட்டுங்க!" பெரியம்மாவுக்கும் அத்தைக்கும் இதைவிட நல்ல வேளை வாய்க்குமா? பழைய கல்யாணச் சண்டை, பலகாரச் சண்டை, ஸ்ரீமுஷ்ணம் தேரில் காணாமல்போன தோடு எல்லாம் வெளியே வந்தது. தம்பி சிரித்தான். சிரித்த வாயில் அம்மா பாலை விட்டாள். இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல், வந்ததற்கு ஆளுக்கொரு வாய் ஊற்றினார்கள். அத்தனை பாலையும் குடித்துவிட்டுப் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டான்.

அந்த நேரம் பார்த்து அப்பாவோடு பாயம்மா வந்து இறங்கினாள். அப்பா வாயைத் திறந்து சேதி சொல்லி முடிப்பதற்குள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ரயிலேறிவிட்டாளாம். கூடத்தையும் வரிசையையும் சொம்பையும் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யா அல்லா! எம்புள்ளைக்குக் கடைசிப் பாலு ஊத்த நீங்கள்லாம் யாரு? நான் தவுடு குடுத்து வாங்குனவ உசிரோட நிக்கிறேன். என்னயக் கேட்டீங்களா?"

பெரியப்பாவுக்குச் சட்டம் தெரியும். வழக்கப்படி அவள் சொல்வதுதான் நியாயம். தலையைச் சொறிந்துகொண்டு, "தப்புதாம்மா" என்றார். ஆனால் சாவுக்கென்று திறந்த சொம்பை என்ன செய்வது? எடுத்து மாடத்தில் வைக்கவும் பயம், வெளியே வைக்கவும் பயம். மறுநாள் ஈயம் பூசுகிறவனைத் தேடிப் பிடித்து, "இந்தத் தடவ கெட்டியா வைப்பா" என்று மறுபடி அடைத்துவாங்கினார்.

நாங்கள் பிள்ளையோடு கடலூர் திரும்பினோம். பாயம்மா ரயிலில் வழி நெடுகப் பெரியப்பாவைத் திட்டினாள். பரங்கிப்பேட்டை தாண்டும்வரை அவன் சிரித்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தான். கடைசியில் திட்டினாலும் பால் இறங்காத கட்டம் வந்தது. விழுங்கியதெல்லாம் நெஞ்சுக்குள் போய்ச் சளியாகி, மூச்சு இரையும். ஒரு காய்ச்சல் விட்டால் இன்னொன்று. கடலூர் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"மெட்ராஸ்ல வச்சா மூக்கு வழியா குழாய் போட்டு பால் குடுக்கலாம். கொஞ்ச காலம் ஓடும். ஆனா எடத்த விட்டு வரமுடியாது. கொழாயப் புடுங்காம இருக்க கையக் கட்டி வைக்கணும். இல்லாட்டி இங்கியே இருக்கட்டும். நீங்கதான் சொல்லணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பாயம்மாவைப் பார்த்தாள். பாயம்மாவுக்கு யோசனையே இல்லை. "தூக்கும்மா. நானும் வர்றேன். ஆண்டவன் போட்ட ஹயாத்து, ஆயுசு, அத முடிக்கிறது நம்ம வேலையில்ல." சிதம்பரத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா, "போதும், விட்டுடுங்க" என்றார். எனக்கு அவர்மேல் கொலைவெறி வந்தது. பாயம்மா மேலும் வந்தது. அம்மா மடியில் கிடப்பவனைப் பற்றி அம்மாவைத் தவிர எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "கொழாயோட சிரிப்பானா?"

டாக்டர் இப்படி ஒரு கேள்வியைப் படித்ததில்லை போல. "தெரியலம்மா" என்றார்.

மறுநாள் காலை தம்பி பாயம்மா மடியில் இருந்தான். அவள் வீட்டுக் கொல்லையில் இளவெயிலில் வைத்துக்கொண்டு, மெட்ராஸுக்கு என்னென்ன துணி எடுக்கவேண்டும் என்று அவனிடமே கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். தவிட்டை முறத்தில் அள்ளினாள். கொல்லைக் கதவைத் தாண்டிப் போய் அவள் முன்னால் நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா, எம்புள்ளய எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க."

பாயம்மா முறத்தைப் பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். திரும்ப வாங்கினால் எமனுக்கு வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். அவள் கை தவிட்டுக்குள் போய் அளைந்தது.

"இன்னாடி இது? இதா தவுடு? பாதி உமி! நான் குடுத்தது நயந்தவுடு, சலிச்ச தவுடு! மாட்டுக்கு வச்ச மிச்சத்த அள்ளிக்கிட்டு வந்து புள்ள கேக்கறே? வெக்கமா இல்ல? இது செல்லாது, போ! எடுத்துக்கிட்டுப் போ!" அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "ஒரு முறம் உமிக்கு எம்புள்ளய எடுத்துக்குவியாடி நீ?"

மடியில் கிடந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரைக்கிற மூச்சுக்கு நடுவே, சத்தமில்லாமல், வாயைத் திறந்து சிரித்தான்.

அம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. நீட்டிக்கொண்டே நின்றாள். பாயம்மா நெடுநேரம் திட்டினாள். பிறகு முறத்தை வாங்கி வைத்துவிட்டு, அவனைத் தூக்கி அம்மா கையில் கொடுத்தாள்.

மெட்ராஸுக்குப் போகவில்லை. நான்கைந்து நாள் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டு, அவனைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் முறை வைத்துத் திட்டிக்கொண்டோம். அப்பா கடையில் இருந்ததிலேயே சொத்தையான கத்தரிக்காயை வாங்கி வந்தார். கடைசி நாள் மத்தியானம் பெரியப்பா சொம்போடு வந்து சேர்ந்தார். ஈயக்காரன் சொன்னபடியே கெட்டியாக வைத்திருந்தான். சுத்தியலால் தட்டினார், ஆணியால் நெம்பினார், திறக்கவே இல்லை. பாயம்மாவுக்கு அது போதாதா?

"போற புள்ளைக்கு ஒரு சொம்பு தொறக்க வக்கில்ல, இவரு பெரியவராம்! அன்னிக்கி வேணாங்கறப்ப தொறந்தீரு, இன்னிக்கி வேணுங்கறப்ப மூடிக்கிட்டு நிக்குது! ஒம்ம மண்டைய ஒடைச்சாத்தான் ஒடையும் அது!"

பெரியப்பா திட்டு வாங்கிக்கொண்டே தட்டினார். தம்பியின் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது. அப்படியே நின்றுவிட்டது. அம்மா மடியில் வைத்திருந்ததால் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. எங்களுக்குப் பிறகு தெரிந்தது. பெரியப்பா சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார். பாயம்மா பேச்சை நிறுத்தினாள்.

"நிறுத்தாதீங்கக்கா" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் திட்டுங்க."

பாயம்மா திட்டினாள்.