ஐஸ் ஹொக்கியில் முதல் தெரிவு

ஐஸ் ஹொக்கி அணிகளுக்கு ஆள் எடுத்த ஒரு கூட்டத்தில், அங்கிருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு முதலாவதாக என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில், என் கண்ணுக்கு முன்னால் நடந்த விஷயம் இது. அப்போது எனக்கு இந்த வயிறும் இல்லை, இந்த முழங்கால் நோவும் இல்லை.

நானும் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அங்கே நான் பொறியியலாளன். இங்கே ஒரு தொழிற்சாலையின் வரைபட அறையில், மற்றவன் யோசித்ததற்குக் கோடு போடுகிறவன். பொறியியல் வேலைக்கு எத்தனையோ நேர்முகங்களுக்குப் போனேன். எல்லோரும் அன்பாகக் கை குலுக்கினார்கள், அன்பாகவே அனுப்பியும் வைத்தார்கள்.

கோடு போடுவதில்கூட எனக்கு வருத்தமில்லை. திங்கட்கிழமைத் தேநீர் நேரம்தான் பெரிய உபத்திரவம். ஆளாளுக்குச் சனி ஞாயிறில் எந்த விளையாட்டுக்குப் போனோம், எவன் காலை உடைத்தோம் என்று பேசுவார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். உடுப்புத் தோய்த்தேன் என்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும்.

பக்கத்து மேசையில் ஒரு கனேடியன் இருந்தான். முன்பல் இரண்டும் இல்லாத, சிவந்த தாடிக்காரன். ஒரு திங்கட்கிழமை என் மேல் இரக்கப்பட்டு, கிழக்குப் புறநகர் ஒன்றில் இருந்த பனிச்சறுக்குக் கூடத்துக்கு வரச் சொன்னான். அங்கே நாலு அணிகள் பனிக்காலம் முழுக்க ஐஸ் ஹொக்கி ஆடும். அவன் ஒரு அணிக்குத் தலைவன். புதியவர்கள் கோடை முடியுமுன்னர் பழகத் தொடங்கினால், பிறகு நடக்கும் தெரிவில் பெயர் கொடுக்கலாம் என்றான்.

ஐஸோடு எனக்கு அதற்கு முன்னர் இருந்த உறவு, ஊரில் கூல்பார் வாசலில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருந்த ஐஸ் கட்டியோடு முடிந்துவிட்டது. அதன் மேல் ஏறி நிற்கலாம் என்று எவரும் சொல்லித் தந்ததில்லை. முதல் ஞாயிறு வாடகைச் சறுக்குச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போக, மிச்ச உடம்பு நடுவில் விழுந்தது. ஆனாலும் எனக்குப் பிடிவாதம் அதிகம். ஞாயிறு தவறாமல் போனேன், விழுந்தேன், எழும்பினேன். ஒரு மாதத்தில் நேராகப் போகப் பழகிவிட்டேன். திரும்பவும் நிற்கவும்தான் வரவில்லை. சுவர் வந்தால் நிற்பேன்.

மனைவியும் கூடவே வருவாள். சேலைக்கு மேல் என்னுடைய ஓவர்கோட், சப்பாத்துக்குள் இரண்டு சோடி மேஸ், தலையைச் சுற்றி ஒரு கம்பளிச் சால்வை. பார்வையாளர் படியில் அப்படியே ஒரு மூட்டையாக உட்கார்ந்திருப்பாள். நான் விழும்போதெல்லாம் அந்த மூட்டை எழும்பி நிற்கும். நான் எழும்பினால் அது உட்காரும். அன்றைக்கு எத்தனை முறை விழுந்தேன் என்று எனக்குத் தெரியாவிட்டாலும் அவளுடைய முழங்காலுக்குத் தெரியும்.

தெரிவு எப்படி நடக்கும் என்பதைக் கனேடியன் ஒருநாள் விளக்கினான். அவர்கள் பக்கத்தில் சம்பளத்துக்கு ஆடும் பெரிய லீக் ஒன்று இருக்கிறதாம். ஒவ்வொரு வருஷமும் அது, சம்பளமில்லாமல் ஆடும் இளம் வீரர்களுக்குள்ளிருந்து ஆள் எடுக்குமாம். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடும். போன வருஷம் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் தெரிவு. பெயர் வந்தவன் வீட்டில் அன்றைக்குத் திருவிழா. வராதவன் மறுநாள் மரம் வெட்டப் போவான். அதே வழக்கத்தைத்தான் இங்கேயும் வைத்திருக்கிறோம் என்றான். அவனும் ஒரு வருஷம் வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானாம். அது அடிக்கவேயில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான்.

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. கடைசியாக வந்தவனுக்கு முதல் தெரிவா? இதென்ன நியாயம்? ஊரில் பரீட்சையில் புள்ளி கூடியவனைப் பின்னுக்குத் தள்ளுகிற கணக்கைப் பார்த்துப் பார்த்து வெறுத்துத்தானே நான் கப்பல் ஏறினேன்! அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"அணிதானே கடைசி. எடுக்கிற ஆள் திறமான ஆள்தானே?"

"அது சரி."

"அப்ப உங்களை எடுப்பினமோ?"

"எடுக்காமல்? நேரா எப்பிடிப் போறன் எண்டு பாத்தனீர்தானே!"

அவள் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே ஊர்க்கதை ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் கலியாணம் முடித்த புதிதில், அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் எனக்கு ஏற்ற பதவி ஒன்று வந்தது. நேர்முகத்துக்கு முதல், தெரிவுக் குழுவில் இருந்த பெரியவர் வீட்டுக்கு ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு ஒருதரம் போய் வரும்படி மனைவி சொன்னாள். ஆளைப் பிடிக்காமல் அங்கே ஒன்றும் நடக்காது. சும்மா போய்க் கும்பிட்டுவிட்டு வந்தால் போதும் என்று கெஞ்சினாள். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். என் படிப்பைப் பார்த்துத் தரட்டும், மாம்பழத்தைப் பார்த்துத் தரத் தேவையில்லை என்றேன். அப்படியே தரவில்லை. கூடை கொண்டுபோனவனுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு மாம்பழம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை.

தெரிவு நாள் வந்தது. ஒரு ஞாயிறு பின்னேரம், கூடத்துச் சிற்றுண்டிச்சாலையில் கரும்பலகை வைத்துப் பெயர்களை எழுதியிருந்தார்கள். இடங்களைவிடப் பெயர்கள் அதிகம். எடுபடாதவர்கள் அடுத்த பனிக்காலம் வரைக்கும் பார்வையாளர் படிதான். என் பக்கத்தில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஒரு இளைஞன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சறுக்கும்போது ஐஸுக்கே நோகாது. அவன்தான் முதல் என்பது கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரியும். நான் கடவுளிடம் கேட்டதெல்லாம், கடைசிப் பெயராகவாவது என்னைக் கூப்பிட வை என்பதுதான். இப்போது நாங்கள் கும்பிடப் போகும் கேரம் டவுன்ஸ் கோயிலும் அப்போது இல்லை. காலையில் வீட்டுக் குசினிச் சுவரில் இருந்த பிள்ளையார் படத்தோடுதான் என் பேரம் நடந்தது.

கனேடியனின் அணிதான் போன வருஷம் கடைசி. அவன் எழும்பித் தொண்டையைச் செருமினான். என் பெயரைச் சொன்னான்.

அவன் வாயில் என் பெயர் பாதியாகத்தான் வந்தது. ஆனாலும் அது என் பெயர்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைவிட அதிசயம், மற்ற மூன்று தலைவர்களும் மேசையில் ஓங்கி அடித்து, சே, கொண்டுபோய்விட்டானே என்று கத்தினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார். செக்கோஸ்லோவாக்கிய இளைஞன் நகத்தை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவனை இரண்டாவதாகக் கூப்பிட்டார்கள், பாவம்.

அன்றைக்கு டிராமில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவிக்குப் பிரசங்கம் செய்தேன்.

"பாத்தீரே, இதுதான் நாடு! ஒருத்தன்ரை காலையும் பிடிக்கேல்லை. ஒரு மாம்பழமும் குடுக்கேல்லை. திறமையைப் பாத்தவங்கள், எடுத்தவங்கள்!"

"ஓமப்பா."

"அந்தப் பெடியன் ஸ்டைலாப் போறான்தான். ஆனால் என்ரை உறுதி அவனிட்டை இல்லை. அதைத்தான் அவங்கள் கவனிச்சிருக்கிறாங்கள்."

"ஓமோம்," என்றாள் அவள், சால்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டு. குளிர் என்று நினைத்தேன்.

மறுநாள் தேநீர் நேரத்தில் முதல்முறையாக நான் பேசினேன். இரண்டாம் கோப்பை முடிந்த பிறகும் பேசினேன். கொழும்பிலிருந்த தம்பிக்கு விமானக் கடிதம் எழுதினேன். அவுஸ்திரேலியாவில் விளையாட்டுத் துறையில் என்னை முதலிடத்தில் தெரிவு செய்திருக்கிறார்கள் என்று. எந்த விளையாட்டு என்று எழுத இடம் போதவில்லை.

முதலாவது ஆட்டத்தன்று மனைவிக்குத் தடிமன், தும்மல் ஓயவில்லை. நான் தனியே போனேன். உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தபோது என் அணி முழுவதும் எழும்பி நின்று கை தட்டியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. எல்லோருடைய கண்ணும் என் முகத்தில் இல்லை, என் கைகளில் இருந்தது.

பெட்டி எங்கே என்று கேட்டான் கனேடியன்.

எந்தப் பெட்டி என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு எல்லாம் வெளியே வந்தது. நான் ஐஸில் விழுந்து எழும்பிக்கொண்டிருந்த அந்த ஞாயிறுகளில், என் மனைவி படியிலிருந்து இறங்கிச் சிற்றுண்டிச்சாலைக்குப் போயிருக்கிறாள். நாலு தலைவர்களும் தேநீர் குடிக்கும் இடம் அது. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்த என்னைக் காட்டி, மை ஹஸ்பன்ட், ப்ளீஸ் என்று சொல்லியிருக்கிறாள். அவளிடம் அப்போது இருந்த ஆங்கிலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிறகு ஓவர்கோட்டுக்குள் மறைத்து வைத்திருந்த பெட்டியைத் திறந்து, ஈயத்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். உள்ளே ஆட்டிறைச்சி றோல்ஸ். ஊரிலிருந்து கப்பலில் வந்த மிளகாய்த்தூள் போட்டு, றஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்தது, சூடு ஆறாமல். எனக்குப் பிடிக்கும் என்றுதான் அவள் ஒவ்வொரு சனியும் அத்தனை றோல்ஸ் சுடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு தலைவர்களுக்கும் கொடுத்திருக்கிறாள். ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் எடுப்பார் என்ற கணக்கு.

அந்த நேரம் பார்த்து எதிரணித் தலைவர் கதவால் தலையை நீட்டினார். செக்கோஸ்லோவாக்கியனைத் தருகிறேன், இவரைத் தாருங்கள், இன்றைக்கே மாற்றிக்கொள்வோம் என்றார். கனேடியன் ஒரு கணம்கூட யோசிக்காமல் முடியாது என்றான்.

என் காதால் புகை வந்தது. மாம்பழம்! கடல் தாண்டி வந்தும் மாம்பழம்! கொக்கியில் எனக்காக மாட்டியிருந்த அணி உடுப்பை எடுத்துக் கனேடியன் கையில் திணித்தேன். இந்தத் தெரிவு செல்லாது, என் பெயரை எடுத்துவிடு, திறமைக்கு எடுத்தால் வருகிறேன் என்றேன்.

அவன் பல்லில்லாத வாயால் சிரித்தான். போன வருஷம் எங்கள் முதல் தெரிவு யார் தெரியுமா என்று கேட்டான். மூலையில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவோடு போராடிக்கொண்டிருந்த வழுக்கைத்தலை மனிதரைக் காட்டினான். அவர் பல் வைத்தியர். சறுக்க வராது. அதற்கு முந்திய வருஷம் சொந்தமாக வான் வண்டி வைத்திருந்த ஒருவன். அவனுக்கும் சறுக்க வராது. உனக்கும் வராது, நீ விழுவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நாங்கள் ஏன் எப்போதும் கடைசியாக வருகிறோம் என்று நினைக்கிறாய் என்று கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: எனக்காக ஒருத்தர் அப்படி வந்து கேட்டிருந்தால் அந்தத் தொலைபேசி அடித்திருக்குமோ என்று யோசித்தேன், அதுதான் உன் பெயரை முதலில் சொன்னேன். றோல்ஸும் காரணம்தான் என்று உடனே சேர்த்துக்கொண்டான்.

திணித்த உடுப்பைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டேன். ஆனாலும் கோபம் கோபம்தான். அன்று என்னை இரண்டு நிமிஷம் ஐஸில் விட்டார்கள். நேராகப் போனேன். சுவர் வந்தது. நின்றேன். தோற்றோம்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குசினிக்குள் போனேன். அவள் மல்லித்தண்ணி குடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"ஏன் குடுத்தனீர்?"

என்ன என்று அவள் கேட்கவில்லை.

"நான் எடுபடமாட்டன் எண்டு நினைச்சனீரோ?"

"ஓம்," என்றாள்.

ஒரு பேச்சுக்காவது இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்தேன்.

"என்னைப் பற்றி அவங்கள் என்ன நினைப்பாங்கள்? நீர் என்ன நினைச்சுக்கொண்டு..."

"இஞ்சேருங்கோ," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மாம்பழம் கொண்டுபோகேல்லை எண்டு நான் உங்களை ஒருநாளும் ஏசினனானோ?"

"இல்லை."

"ஏசவும் மாட்டன். ஆனால் ஒவ்வொரு நேர்முகத்துக்கும் போட்டு வந்து வாசல்லை சப்பாத்துக் கழட்டுவியள். சரிவரேல்லை எண்டால் அதைச் சத்தமில்லாமல் கழட்டி, ரெண்டையும் ஒழுங்கா அடுக்கி வைப்பியள். எனக்கு இஞ்சை குசினிக்குள்ளை நிண்டே விளங்கும். அங்கையும் அப்பிடி. இஞ்சை வந்தும் அப்பிடி. விளையாட்டுக்குப் போட்டு வந்துமோ அப்பிடி? என்னாலை ஏலாதப்பா."

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். கோபத்தில் நான் உதறி எறிந்த சப்பாத்தில் ஒன்று கதவடியிலும் மற்றது குடைக்கூடைக்குள்ளும் கிடந்தன. அவளும் எட்டிப் பார்த்தாள். தடிமன் கனத்த முகத்தில் சிரிப்பு வந்தது.

அடுத்த ஞாயிறு அவளுக்குத் தடிமன் மாறவில்லை. சூடு மடியைச் சுட, டிராமில் றோல்ஸ் பெட்டியை நானே கொண்டுபோனேன்.