ஒருவருக்கு மட்டும் விசா

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டவர் என் கணவர், நான் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உத்திரமேரூர் பஜாரில் அவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரக் கழனிகளில் எரிந்துபோகும் பம்புசெட் மோட்டார்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். நான் கிராம சுகாதார நர்ஸ். நாலு ஊருக்கு மொபெட்டில் போய் ஊசி போடுவேன், கர்ப்பிணிகளைப் பார்ப்பேன். மகள் செங்கல்பட்டில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

பஜாரில் பிரவுசிங் சென்டர் வந்த புதிதில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் சாப்பிடாமலே பேசினார். "மலமேல ரயிலு ஏறுதுடி. தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்சிக்கிறான். அத கடிச்சிக்கினு ஏறுது. சுவிட்சர்லாந்துல கீது." அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவேயில்லை. சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்டைக் கண்டுபிடித்தார். பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம். பன்னிரண்டு நாள், ஒரே குரூப். எந்த நாள் எங்கே, எத்தனை மணிக்குக் கோபுரம், எத்தனை மணிக்குப் படகு என்று ஒரு நோட்டு முழுக்க எழுதினார். வெனிஸுக்கு ஒரு நாள் போதாது என்று ஏஜென்டோடு போனில் சண்டை போட்டார். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, மருந்துக்கடை என்று ஒரு இடம் பாக்கி இல்லாமல் சொல்லிவைத்தார்.

அரசாங்க வேலையில் இருப்பவள் பாஸ்போர்ட் எடுக்கத் தடையில்லாச் சான்று வேண்டும். அதற்காகக் காஞ்சிபுரம் ஆபீசுக்கு நாலு தடவை நடந்தேன். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேலைக்கா போறீங்க?"

"இல்ல சார், சுத்திப் பாக்க."

"சுத்திப் பாக்கவா? உத்திரமேரூர்லேர்ந்தா?" அவர் நம்பவில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

விசாவுக்கு இரண்டு பேரும் சென்னைக்கு நேரில் போனோம். என்னிடம் சம்பளச் சான்று, விடுப்பு உத்தரவு எல்லாம் இருந்தன. அவரிடம் கடைக்கு வாடகை ரசீது மட்டும் இருந்தது. வருமான வரி என்ற ஒன்றை அவர் கட்டியதும் இல்லை, கட்டு என்று யாரும் சொன்னதும் இல்லை. "பாத்துக்கலாம் சார்" என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தமிழிலேயே கேட்டாள். என்னிடம் இரண்டே கேள்வி. அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மாத வருமானம் எவ்வளவு?"

"மாசத்துக்கு மாசம் மாறும்மா. கோடைல மோட்டாரு நெறய எரியும்."

"நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "கட கீது, வூடு கீது, பொண்ணு படிச்சிக்கினு கீது. வராம எங்க போவேன்?" என்றார். புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல் அவர் அந்தக் கண்ணாடி முன் நின்றதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. அவள் எதையோ எழுதிக்கொண்டாள்.

பிறகு காத்திருப்பு. போன் அடித்தாலே இருவரும் எழுந்துவிடுவோம். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, நான் வேலை முடித்துச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கடையில் இருக்க வேண்டியவர் வீட்டில் இருந்தார். டி.வி. மேல் இரண்டு பாஸ்போர்ட்.

"வந்துச்சா?"

"உனக்கு வந்துகீது."

"உங்களுக்கு?"

ஒரு காகிதத்தை நீட்டினார். ஆங்கிலம். திரும்பி வருவதற்கான உறுதி போதவில்லை என்று ஒரே வரி. இரண்டு தடவை படித்தேன்.

"அப்ப நானும் போவல," என்றேன். உடனே சொல்லிவிட்டேன், யோசிக்கக்கூட இல்லை. அவர் நிம்மதியாவார் என்று நினைத்தேன். எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஏஜென்ட் போன் செய்தான். அந்த அம்மா வருகிறார்களா இல்லையா, இன்றைக்கே சொல்ல வேண்டும் என்றான். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "வராங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"யார கேட்டு சொன்னீங்க?" நான் கத்திவிட்டேன். "நா இன்னா உங்க கண்ணா, உங்களுக்கு பதிலா போய் பாத்துட்டு வர்றதுக்கு? நீங்க இங்க மோட்டார கட்டிக்கினு இருப்பீங்க, நா அங்க போய் படகுல சுத்தணுமா?"

"நீ போவலன்னா ரெண்டு பேரு கெட்டோம். போனா ஒருத்தன்தான்."

"நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"இப்ப மட்டும் இன்னா சொல்றாங்க? எப்ப பொறப்படற, எப்ப பொறப்படறன்னு கேட்டுக்கினே கீறாங்க. எனக்கு கெடைக்கலன்னு சொல்லிடுவேன். என்னால உன்னுதும் நின்னுச்சின்னு சொல்ல என்னால ஆவாது." குரல் உடைந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அதன் பிறகு சோறு போடுவேன், சாப்பிடுவார். நான் பெட்டியைத் திறப்பேன், மூடுவேன். விஷயம் கேள்விப்பட்டு வந்த மகள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தானே ஸ்வெட்டரை மடித்து வைத்தாள். புறப்படும் முந்தைய நாள் அவருடைய நோட்டைக் கேட்டேன். வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் கேட்டேன்.

"வாணாம். அது நா எனக்கு போட்டது. நீ உன் இஷ்டத்துக்கு பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

விமான நிலையத்துக்கு வந்தார். வேனில் வழி முழுக்க டிரைவரோடு மட்டும் பேசினார். வாசலில், "மாத்திர வெச்சிக்கினியா?" என்றார். தலையாட்டினேன். குரூப்போடு என்னைச் சேர்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டியபோது, என்னையும் நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். நிறுத்திவிட்டால் தேவலை என்றும் இருந்தது. முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

விமானம் மேலே ஏறும்போது அழுவேன் என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். கீழே ஏரிகள் தட்டுத் தட்டாகத் தெரிந்தன. அப்போது எனக்குள் வந்தது சந்தோஷம். சின்ன வயதில்கூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததாக நினைவில்லை. டூட்டி போட்ட ஊருக்குப் போவேன், அவர் கூப்பிட்ட கல்யாணத்துக்குப் போவேன். எனக்கென்று எங்கேயும் போனதில்லை. ஒரு மனுஷனை வாசலில் விட்டுவிட்டு வந்து இப்படிச் சிரிக்கிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். சிரிப்பு அடங்கவில்லை.

பன்னிரண்டு நாளும் அப்படித்தான் போயின. ஒன்றைப் பார்ப்பேன், வாயைப் பிளப்பேன், உடனே குற்ற உணர்ச்சி வந்துவிடும்.

திரும்பி வந்த அன்று விமான நிலையத்துக்கு அழைக்க வந்தவர், "எப்டி இருந்துச்சி?" என்று கேட்டார்.

"காலு வலிதான்," என்றேன். போட்டோக்களைக் கழுவக் கொடுத்தவள் வாங்கப் போகவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. பஜாரில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்டால், குளிர் அதிகம், சாப்பாடு ஒத்துக்கவில்லை என்று சொல்லி மழுப்பினேன்.

ஒரு வாரம் தாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது, "நல்லா இருந்துச்சிங்க. ரொம்ப நல்லா இருந்துச்சி," என்று சொல்லிவிட்டேன். கரண்டியை வைத்துவிட்டு அழுதேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "தெரியும். ஏர்போர்ட்ல நீ வெளிய வரசொல்லயே மூஞ்சில தெரிஞ்சிச்சி. எப்ப சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"கோவம் இல்லயா?"

"இருந்துச்சி. மூணு நாளு." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நீ போன மறுநாளே ஆடிட்டர் ஒருத்தர பாத்துட்டேன். விசாவுக்கு மூணு வருஷம் வரி கட்டின பேப்பரு வேணும்னாரு. கட்டிடலாம்."

கட்டினார். நாலாவது வருஷம் இரண்டு பேரும் போய்வந்தோம். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது.